கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதே, ஜில்லுன்னா நடுங்காதே

நம்ம ஊர் வீடுகள்ல பயம் எப்பவும் தப்பான பக்கம்தான் நிக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணி பாட்டிலைக் கையில எடுத்தாப் போதும், பாட்டியிலேருந்து பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் குரல் கொடுப்பாங்க: சளி பிடிக்கும், செரிக்காது, கொழுப்பு உறைஞ்சுடும். அதே வீட்டுல, அடுப்புலேருந்து இறக்கின காபியை ஆவி பறக்கப் பறக்க ஒரே மூச்சுல உள்ள தள்ளுற பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. ‘அவருக்குக் கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் தொண்டையில இறங்கும்’னு பெருமையா வேற சொல்லிக்குவாங்க.

சூடு கெடுதலா, ஜில்லு கெடுதலான்னு நீ போன்ல கேட்ட கேள்விக்கு முதல்ல சுருக்கமா பதில் சொல்லிடறேன். நிஜமா கவனிக்க வேண்டியது அந்தக் கொதிக்கிற காபியைத்தான். ஜில் தண்ணி மேல சுமத்துற பழி பெரும்பாலும் அதுல கலந்த சர்க்கரைக்கும், ஐஸை எந்தத் தண்ணியில செஞ்சாங்கங்கிறதுக்கும், அவசர அவசரமா குடிக்கிறதுக்கும் போய்ச் சேர வேண்டியது. சில பேருக்கு மட்டும் ஜில்லு நிஜமாவே ஆகாது. யாருக்குன்னு பின்னால சொல்றேன். உன் மாமியாருக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு, சின்னவனுக்கு ஒண்ணுன்னு கேட்டிருக்க, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். அடுப்புல எதுவும் இல்லாத நேரமா பார்த்துப் படி.

வயித்துக்குள்ள நடக்கிறது

நாம குடிக்கிறது எந்தச் சூட்டுல உள்ள போனாலும் சரி, இரைப்பை அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்துடும். 1988-ல ‘கட்’ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு 400 மில்லி ஆரஞ்சு ஜூஸை மூணு விதமா குடுத்துப் பார்த்தாங்க: ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில 4 டிகிரி, உடம்புச் சூட்டுல 37 டிகிரி, நல்ல சூடா 50 டிகிரி. எதைக் குடிச்சாலும் 20 முதல் 30 நிமிஷத்துக்குள்ள இரைப்பை பழைய சூட்டுக்குத் திரும்பிடுச்சு. ஜில் ஜூஸ் மட்டும் ஆரம்பத்துல கொஞ்சம் மெதுவா குடலுக்கு இறங்குச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாப்பிட்டதும் ஜில் தண்ணி குடிச்சா சில பேருக்கு ‘வயிறு கல்லு மாதிரி இருக்கு’ன்னு தோணுறதுக்கு இந்தத் தாமதம் ஒரு காரணமா இருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படி இருக்கும், அப்புறம் வழிக்கு வந்துடும். செரிமானம் நின்னு போறதெல்லாம் கிடையாது.

இப்ப அந்த வாட்ஸ்அப் கதைக்கு வருவோம். ‘சாப்பாட்டுக்கு அப்புறம் குளிர்ந்த தண்ணி குடிச்சா எண்ணெய் உறைஞ்சு குடல் சுவர்ல படியும், அதுவே கேன்சர் ஆகும்’னு வருஷா வருஷம் சுத்துதே, அது. நெய் உருகுறதே கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூட்டுலதான். ஒரு டம்ளர் ஜில் தண்ணியால ஒரு நிமிஷம் கெட்டியானாலும், அரை மணி நேரத்துல இரைப்பை திரும்பச் சூடாகிடும்போது அதுவும் இளகிடும். அதுக்கு அப்புறம் சிறுகுடல்ல பித்தநீர் வந்து கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியா உடைக்கும், கணையத்துலேருந்து வர்ற நொதி அதைச் செரிக்கும். உறைஞ்சு ஒட்டிக்கிறதுக்கு இடமே இல்ல.

இதோட மறுபக்கமும் கதைதான். காலையில வெந்நீர் குடிச்சா தொப்பை கரையும்ங்கிறாங்க. வெந்நீர் தொப்பையில போய் எதையும் உருக்காது. அது போறது இரைப்பைக்கு, கொழுப்பு இருக்கிறது தோலுக்கு அடியிலயும் குடலைச் சுத்தியும். இன்னொரு கூட்டம், ஐஸ் தண்ணி குடிச்சா அதைச் சூடாக்க உடம்பு கலோரி செலவழிக்கும், இளைச்சுடலாம்னு சொல்லுது. கணக்கு போட்டுப் பார்: ஒரு லிட்டர் தண்ணியை 4 டிகிரியிலேருந்து 37-க்கு ஏத்த சுமார் 33 கலோரி ஆகும். ஒரு இட்லிக்குக்கூடத் தேறாது.

சாப்பிடும்போது தண்ணி குடிச்சா அமிலம் நீர்த்துப் போகும்னு ஒரு பயம் வேற. இரைப்பை ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் அளவுக்குச் செரிமான நீரைச் சுரக்குது, ஒரு டம்ளர் தண்ணிக்கு அது அசராது. நெஞ்செரிச்சல் இருக்கிறவங்க மட்டும் வயிறு முட்டக் குடிக்க வேணாம்; வயிறு நிறைஞ்சா அமிலம் மேல எதுக்களிக்கும். அது அளவோட பிரச்சினை.

65 டிகிரி

இதைத்தான் உன் மாமியாருக்குப் புரிய வைக்கணும். சொல்றது கஷ்டம்னு தெரியும்.

2016-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல குடிக்கிற எந்தப் பானத்தையும் ‘புற்றுநோய் உண்டாக்க அநேகமா வாய்ப்பு உண்டு’ங்கிற வகையில சேர்த்துச்சு. உணவுக்குழாய்ப் புற்றுநோயைத்தான் சொல்றாங்க. அதே கூட்டத்துல, அதுவரைக்கும் சந்தேகப் பட்டியல்ல இருந்த காபியை அதுலேருந்து எடுத்துட்டாங்க. அதனால காபியைத் திட்டாத. பழி சூட்டுக்கு.

இந்த முடிவுக்குப் பின்னால பெரிய பெரிய ஆய்வுகள் இருக்கு. தென் அமெரிக்காவுல அர்ஜென்டினா, உருகுவே பக்கம் ‘மாட்டே’ன்னு ஒரு இலைச் சாறு குடிப்பாங்க. சுரைக்குடுவையில வெந்நீரை ஊத்தி, உலோகக் குழல் வழியா உறிஞ்சுவாங்க. குழல்ல வர்ற சூடு உதட்டையும் நாக்கு நுனியையும் தொடாம நேரா பின்நாக்குல போய் விழும். அங்க உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏன் அதிகம்னு தேடினப்போதான் சூட்டு மேல சந்தேகம் வலுத்துச்சு.

ஈரான்ல காஸ்பியன் கடல் ஓரத்துல கோலெஸ்தான்னு ஒரு மாகாணம். கட்டன் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற ஊர். 2004-லேருந்து 50,045 பேரைச் சேர்த்துப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. எனக்குப் பிடிச்சது அவங்க அளந்த விதம். ‘சூடா குடிப்பீங்களா?’ன்னு வாயால கேட்டு எழுதிக்கலை. எதிர்லயே டீ போட்டு, தெர்மாமீட்டர் வச்சு, 75 டிகிரியில ஒரு வாய் குடிக்கச் சொல்லி, ‘இதுதானா நீங்க வழக்கமா குடிக்கிற சூடு?’ன்னு கேட்டாங்க. இல்லைன்னா இன்னும் 5 டிகிரி ஆற விட்டு மறுபடி கேட்டாங்க. 2019-ல முடிவு வெளியாச்சு. 60 டிகிரி அல்லது அதுக்கு மேல, ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல டீ குடிக்கிறவங்களுக்கு, ஆறினதை அளவா குடிக்கிறவங்களைவிட இந்தப் புற்றுநோய் அபாயம் 90 சதவீதம் அதிகம். 700 மில்லின்னா நம்ம வீட்டு டம்ளர்ல நாலஞ்சு வேளை.

90 சதவீதம்னு படிச்சதும் நெஞ்சைப் பிடிச்சுக்காத. அந்த 50,045 பேர்ல அத்தனை வருஷத்துல இந்த நோய் வந்தது 317 பேருக்கு. அதுவும் இந்த நோய் ஏற்கெனவே அதிகமா இருக்கிற பகுதி அது. சின்ன அபாயம் ரெட்டிப்பு ஆனாலும் சின்னதாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு நிமிஷம் பொறுத்தா குறையுற அபாயத்தை எதுக்கு வச்சுக்கணும்ங்கிறதுதான் என் கேள்வி.

இதுல பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்குத் தனியா ஒரு சேதி இருக்கு. சீனாவுல நாலரை லட்சம் பேருக்கு மேல தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2018-ல வந்துச்சு. கொதிக்கிற டீயோட சிகரெட்டோ, அதிகக் குடியோ சேர்ந்தப்போதான் அபாயம் எகிறிச்சு. ரெண்டு பழக்கமும் இல்லாதவங்களுக்கு வெறும் சூட்டால பெரிசா ஏறலை. அதனால டீக்கடை வாசல்ல ஒரு கையில கொதிக்கிற கிளாஸும் இன்னொரு கையில சிகரெட்டுமா நிக்கிறது இருக்குற கூட்டணியிலேயே மோசமான கூட்டணி. அவர்கிட்ட முதல்ல சிகரெட்டை விடச் சொல்லு, டீ அப்புறம் ஆறட்டும்.

சரி, வீட்டுல என்ன பண்றது? முதல் விஷயம், ஒரு வாய் எவ்வளவு பெரிசுங்கிறது. 65 டிகிரி காபி உணவுக்குழாய்க்குள்ள சூட்டை 6-லேருந்து 12 டிகிரி வரைக்கும் ஏத்தும். சின்ன வாயா குடிச்சா 6 பக்கம், பெரிய மடக்கா குடிச்சா 12 பக்கம். அதே காபி, அதே சூடு, குடிக்கிற விதத்துல ரெட்டிப்பு வித்தியாசம். உதட்டை வச்சு உறிஞ்சிக் குடிச்சா காத்தும் கூடவே போய் ஆத்தும், சூடு அதிகமா இருந்தா உதடே ‘வேணாம்’னு சொல்லிடும். எச்சில் படாம அண்ணாந்து ஊத்திக்கிறவங்களுக்கு இந்தக் காவல் கிடையாது. உதடும் நாக்கு நுனியும் சேதி சொல்றதுக்கு முந்தியே முழு மடக்கும் தொண்டையைத் தாண்டிடும். உன் மாமியார் தூக்கித்தான் குடிப்பாங்க, அதை மாத்தச் சொல்ல நமக்கு வாய் வராது. அதனால அவங்களுக்குக் குடுக்கிற காபி மத்தவங்க காபியைவிட நல்லா ஆறினதா இருக்கணும். சமையலறையிலேயே டவராவுல நாலு தடவை நல்லா உயரத் தூக்கி ஆத்தி, நுரையோட கொண்டு போய்க் குடு. நுரை நின்னா அவங்களுக்கு அது சூடான காபிதான்.

டவரா டம்ளரைக் கண்டுபிடிச்சவங்க யாரோ, கையெடுத்துக் கும்பிடணும். விளிம்பு வச்ச டம்ளர், அகலமான டவரா, ரெண்டுக்கும் நடுவுல ஆத்துறது. சூடு குறையவும் சர்க்கரை கலக்கவும் வேற கருவியே வேணாம். இதை விட்டுட்டு இப்ப எல்லாரும் மூடி போட்ட ஃபிளாஸ்க் மக் வாங்கி வச்சிருக்கோம். மாப்பிள்ளை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறாரே அதே மாதிரி. ரெட்டைச் சுவர் இருக்கிறதால வெளியில கைக்குச் சூடே தெரியாது, உள்ள மணிக்கணக்கா காபி ஆறாம இருக்கும், சின்ன ஓட்டை வழியா நேரா வாய்க்குள்ள வரும். எவர்சில்வர் டம்ளர் அப்படிப் பொய் சொல்லாது: வெறும் கையால பிடிக்க முடியலைன்னா தொண்டைக்கும் அது ஆகாது. ஃபிளாஸ்க்ல ஊத்துறதா இருந்தா ஆத்தின பிறகு ஊத்தி மூடு. இல்லைன்னா மூடியிலேயே கொஞ்சம் ஊத்தி வச்சு ஆறினதும் குடிக்கச் சொல்லு.

கடிகாரத்தை வச்சுக் குடிக்கிறவங்களுக்கு: ஈரான்ல இதுக்கு முந்தி 2009-ல வந்த இன்னொரு ஆய்வுல, கோப்பையில ஊத்தி ரெண்டு நிமிஷத்துக்குள்ள குடிச்சவங்களுக்கு அபாயம் அதிகமாவும், நாலு நிமிஷம் பொறுத்தவங்களுக்குக் குறைவாவும் இருந்துச்சு. நாலு நிமிஷம்னா பேப்பர்ல தலைப்பு பார்க்கிற நேரம். ருசி போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத. நாக்கும் வேகாம, ருசியும் கெடாம காபி குடிக்க ஏத்த சூடு சுமார் 58 டிகிரின்னு 2008-ல அமெரிக்காவுல கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஒரு வாரம் வச்சு அளந்தா உங்க வீட்டு டம்ளர்ல எத்தனை ஆத்து ஆத்தினா 60-க்குக் கீழ வருதுன்னு கை பழகிடும்.

வாய்க்கு ஒரு சின்ன விஷயம். மிளகா பஜ்ஜி தின்னுட்டு உடனே சூடா டீ குடிச்சா ஏன் வாய் எரியுது தெரியுமா? சூட்டை உணர்றதுக்கும் மிளகாக் காரத்தை உணர்றதுக்கும் நரம்புல இருக்கிறது ஒரே வாசல்தான். சுமார் 43 டிகிரிக்கு மேல போனா அது திறக்கும், காரம் பட்டாலும் திறக்கும். இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் பரிசு கிடைச்சுது. காரம் அடங்கணும்னா டீயைத் தள்ளி வச்சுட்டு மோரோ பாலோ ஒரு வாய் குடி. பாலில் இருக்கிற புரதம் காரத்தைக் கழுவி எடுத்துட்டுப் போயிடும்.

ஜில்லு யாருக்கு ஆகாது

மாப்பிள்ளை வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்ததும் ஃபிரிட்ஜ் பாட்டிலைத் தேடுறார்னு புலம்புனியே, விடு. வேர்த்து வந்தவங்க குளிர்ந்த தண்ணி குடிக்கிறது நல்லதுதான், அதிகமாவும் குடிப்பாங்க. விளையாட்டு வீரர்களுக்கு 15-லேருந்து 22 டிகிரிக்குள்ள குடுக்கச் சொல்லி அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996-லேயே பரிந்துரை செஞ்சிருக்கு. ஃபிரிட்ஜ் தண்ணி ஒரு பங்கு, சாதாரணத் தண்ணி ரெண்டு பங்கு கலந்தா கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துடும். ஒரே மூச்சுல முழு பாட்டிலையும் கவுத்துக்காம, உக்காந்து நிதானமா குடிச்சாப் போதும். வெயில்ல மயங்கி விழுந்து நினைவு இல்லாம இருக்கிறவங்க வாயில மட்டும் எந்தத் தண்ணியும் ஊத்தக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குப் போயிடும். உடம்பை ஈரத்துணியால நனைச்சு, விசிறிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.

ஜில்லு நிஜமாவே ஆகாதவங்க பட்டியல் சின்னது. ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கு ஐஸ் தண்ணி தலைவலியைக் கிளப்பும். ஸ்வீடன்ல பெண்களை ஸ்ட்ரா வச்சு ஐஸ் தண்ணி குடிக்கச் சொன்னப்போ, சமீபத்துல ஒற்றைத் தலைவலி வந்தவங்களுக்கு மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு வந்துச்சு. பல்கூச்சக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். உணவுக்குழாயோட கீழ் வாசல் சரியா திறக்காத ‘அகலேசியா’ங்கிற நோய் இருக்கிறவங்களுக்கு ஜில் தண்ணி நெஞ்சை அடைச்சு வலி குடுக்கும், வெதுவெதுப்பான தண்ணி சாப்பாட்டை இறக்க உதவும். பதட்டமானா உடனே பாத்ரூம் ஓட வைக்கிற ‘ஐபிஎஸ்’ங்கிற குடல் கோளாறு இருக்கிறவங்கள்ல சிலருக்கு ஜில்லு குடலைச் சுண்டி இழுக்கும். இதயத் துடிப்பு தாறுமாறா ஆகுற நோய் இருக்கிற சிலருக்கும் ஒரே மூச்சுல குடிக்கிற ஐஸ் தண்ணி படபடப்பைத் தூண்டும். இவங்கள்ல யாராவது வீட்டுல இருந்தா பானைத் தண்ணி வச்சுக் குடு, போதும்.

சளி விஷயம் கொஞ்சம் சுவாரசியம். சளி பிடிக்கிறது வைரஸால, ஃபிரிட்ஜால இல்ல. ஆனா பிடிச்ச பிறகு சூடா குடிக்கிறது நிஜமா உதவுது. 1978-லேயே அமெரிக்காவுல அளந்து பார்த்தாங்க: வெந்நீரும் கோழி சூப்பும் மூக்குச் சளி நகர்ற வேகத்தைக் கூட்டுச்சு, ஜில் தண்ணி குறைச்சுது. சூட்டால கூடின வேகம் அரை மணி நேரத்துல பழைய நிலைக்குத் திரும்பிடுச்சு. அதனால மூக்கடைப்பு இருக்கும்போது அம்மா வைக்கிற மிளகு ரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடி. அந்த ஆய்வுல ரசம் கிடையாதுதான், நம்ம நாட்டுல செஞ்சிருந்தா அதையும் அளந்திருப்பாங்க.

சர்க்கரையும் ஐஸும்

‘ஜில்லுன்னு குடிச்சேன், வயிறு கெட்டுப் போச்சு’ன்னு சொல்றவங்ககிட்ட என்ன குடிச்சீங்கன்னு கேட்டுப் பார். ரோஸ் மில்க், ஜிகர்தண்டா, கரும்புச்சாறு, பாட்டில் கூல்டிரிங்க்ஸ்னு வரும். வெறும் தண்ணின்னு ரொம்பக் கொஞ்சம் பேர்தான் சொல்வாங்க.

குளிர்ச்சியில நாக்குக்கு இனிப்பு சரியாத் தெரியாது. உருகின ஐஸ்கிரீம் திகட்டுதே, அதே ஐஸ்கிரீம் உறைஞ்சு இருந்தப்போ அவ்வளவு இனிக்கலையே, அதான் காரணம். அதனால ஜில் பானம் இனிக்கணும்னா சர்க்கரையை அள்ளிப் போட்டாகணும். சாதாரண கூல்டிரிங்க்ஸ்ல 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில்னா 30 கிராம், ஆறு டீஸ்பூன். அவ்வளவு சர்க்கரை ஒரேயடியா குடலுக்குப் போனா தண்ணியை இழுத்துக்கும், வயிறு பொருமும், சிலருக்குப் பேதியும் ஆகும். பால் சேராதவங்க ரோஸ் மில்க் குடிச்சா அதுவும் சேர்ந்துக்கும். எல்லாப் பழியும் கடைசியில ஜில்லு மேல போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: அதே ஜில்லுல வெறும் தண்ணி குடிச்சுப் பார். ஒண்ணும் ஆகலைன்னா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுடும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சோடா குடிச்சா செரிச்சுடும்னு மாமா சொல்வாரில்ல? குளிர்ந்த தண்ணியில வாயு நல்லா கரையும், சூடானா வெளிய வரும். ஜில் சோடா வயித்துல சூடாகும்போது அந்த வாயு பிரிஞ்சு ஏப்பமா வருது. ஏப்பம் வந்ததும் இடம் காலியான மாதிரி இருக்கும். பிரியாணி அங்கேயேதான் இருக்கும். நெஞ்செரிச்சல்காரங்களுக்கு அந்த ஏப்பத்தோட அமிலமும் மேல வரும். அவங்க சோடாவைத் தொடாம இருக்கிறது உத்தமம்.

அடுத்தது ஐஸ். உறைய வச்சா கிருமி சாகாது, தூங்கும். நல்ல தண்ணியில செய்யாத ஐஸைப் போட்டா நல்ல ஜூஸும் கெட்டுப் போகும். மீனை வைக்கிற ஐஸும் குடிக்கிற ஐஸும் கலந்துடக் கூடாதுன்னு 2018-ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சாப்பிடறதுக்கு இல்லாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அதனால சாலையோரக் கடையில ‘ஐஸ் வேணாம்ணா’ன்னு ஒரு வார்த்தை சொல்றதுல வெட்கம் வேணாம். கரும்புச்சாறை ஐஸ் இல்லாம கேளு, அளவும் கூடுதலாக் கிடைக்கும்.

தண்ணியைக் கொதிக்க வைக்கிறது கிருமிக்காக, சூட்டுக்காக இல்ல. நல்லா தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் இருந்தாப் போதும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர்ல தண்ணி குறைஞ்ச சூட்டுலேயே கொதிச்சுடும், அங்க மூணு நிமிஷம் விடணும். அப்புறம் மூடி வச்சு ஆற விட்டு, வேணும்னா ஃபிரிட்ஜ்லயே வை. கொதிக்க வச்ச தண்ணியைச் சூடாத்தான் குடிக்கணும்னு சட்டம் இல்ல.

மண்பானை வாங்கிருக்கேன்னு சொன்னியே, நல்லது. பானையோட நுண்துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். காத்து எவ்வளவு வறண்டிருக்கோ அவ்வளவு குளிரும். அதான் திருச்சி, மதுரையில பானைத் தண்ணி அப்படி இருக்கும், உங்க சென்னைப் புழுக்கத்துல சுமாராத்தான் இருக்கும். பானை மேல குத்தம் இல்ல. ஜன்னல் காத்து படுற இடத்துல ஈர மணல் மேல வை, வெளிப்பக்கம் பெயின்ட் அடிச்ச பானையைத் தவிர். சோப்பு போடாம தேங்காய் நார் வச்சுத் தேய்ச்சுக் கழுவு. டம்ளரைக் கையோட உள்ள முக்காம, காம்பு நீளமான கரண்டியால எடுக்கப் பழக்கு.

சின்னவனுக்கு

முதல்ல கைக்குழந்தை விஷயம். அவன் அந்த வயசைத் தாண்டிட்டான், ஆனா அடுத்த பிரசவத்துக்கு நிக்கிற உன் நாத்தனாருக்கும் இதைச் சொல்லு. ஆறு மாசம் முடியற வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர தண்ணிகூட வேணாம், வெந்நீரும் சேர்த்துத்தான். புட்டிப்பாலை மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது. ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் ஆறி இருக்கும், வெளியில தொட்டாத் தெரியாது. ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, வெந்நீர்ல கலந்தாலும் கூடாது.

சின்னவனுக்கு வாந்தி பேதின்னா ஓஆர்எஸ் பொட்டலத்துல என்ன அளவு போட்டிருக்கோ, அந்த அளவு, கொதிக்க வச்சு நல்லா ஆறின தண்ணியில கலக்கு. கலந்த பிறகு சூடு பண்ணாத. ரெண்டு வயசுக்கு மேல இருக்கிறதால ஒவ்வொரு தடவை பேதி ஆனதும் 100-லேருந்து 200 மில்லி. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா திரும்ப ஆரம்பி. கொஞ்சம் குளுகுளுன்னு இருந்தா அவன் நல்லாக் குடிப்பான், தாராளமா ஃபிரிட்ஜ்ல வச்சுக் குடு. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காத.

இன்னொண்ணு, செரிமானத்துல சேராது, ஆனா சொல்லாம இருக்க முடியல. குழந்தையை மடியில வச்சுக்கிட்டுக் காபி குடிக்காத. 60 டிகிரி தண்ணி பெரியவங்க தோலையே சில விநாடியில பொசுக்கிடும், குழந்தைத் தோலுக்கு அதுவும் வேணாம். மேல கொட்டிடுச்சுன்னா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். ஐஸ், பேஸ்ட், மாவு எதுவும் வேணாம்.

காலைக் கடனும் மாத்திரையும்

வெந்நீர் குடிச்சாத்தான் வெளிக்கு வருதுன்னு உன் மாமியார் சொல்றாங்க. அவங்க உடனே பின்னாலேயே காபியும் குடிக்கிறாங்க, அதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. 1990-ல இங்கிலாந்துல பெருங்குடலோட அசைவை அளந்து பார்த்தாங்க. காபி குடிச்ச நாலு நிமிஷத்துல அசைவு கூடுச்சு, காஃபின் எடுத்த காபிக்கும் கூடுச்சு, வெறும் வெந்நீருக்குக் கூடலை. வெந்நீர்ல கெடுதல் ஒண்ணும் இல்ல, அவங்களுக்குப் பிடிச்சிருந்தா வெதுவெதுப்பா குடிக்கட்டும். மலச்சிக்கலுக்கு உதவுறது தண்ணியோட அளவும், கீரை காய்கறியும், தினம் ஒரே நேரத்துல போய் உக்கார்றதும். சூட்டை ஏத்திக்கிட்டே போறதுல பலன் இல்ல.

தைராய்டு மாத்திரையை மட்டும் காபியோட போட வேணாம்னு கண்டிப்பா சொல்லு. வெறும் வயித்துல சாதாரணத் தண்ணியில போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. உனக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருந்தா டீக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வை. காப்ஸ்யூலை வெந்நீர்ல முழுங்காத, வாயிலேயே இளகி ஒட்டிக்கும்.

கடையில டீ வாங்கும்போது பேப்பர் கப்பும் வேணாம், பாலிதீன் பார்சலும் வேணாம். பேப்பர் கப்போட உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. 2020-ல ஐஐடி கரக்பூர்ல 85-90 டிகிரி தண்ணியை அதுல 15 நிமிஷம் வச்சுப் பார்த்தப்போ 100 மில்லியில சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள் இருந்துச்சு. பாலிதீன் பார்சலைத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேருந்தே தடை பண்ணியாச்சு, நடைமுறையைத்தான் நாம பார்க்கிறோமே. ஆபீஸுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு குடுத்து அனுப்பு. மாப்பிள்ளை முதல் ரெண்டு நாள் கூச்சப்படுவார்.

கடைசியா ஒண்ணு, இது யாருக்கா இருந்தாலும் தள்ளிப் போடாத. சாப்பாடு நெஞ்சுல நிக்குது, முதல்ல சோறு இறங்கலை இப்ப கஞ்சியும் இறங்கலை, காரணமில்லாம எடை குறையுது, கறுப்பா மலம் போகுது, வாந்தியில ரத்தம் வருது. இதுல எது இருந்தாலும் ‘சூடா தண்ணி குடி, சரியாப் போயிடும்’னு கை வைத்தியம் பார்க்காம குடல் இரைப்பை மருத்துவரைப் பார்க்கணும். எண்டோஸ்கோப்பி பார்ப்பாங்க. கொஞ்ச நேர வேலைதான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே வசதி இருக்கு. முந்தின ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லுவாங்க. உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, அன்னைக்குக் காலையில காபியும் கிடையாதுங்கிறதை முந்தின நாளே சொல்லி வை.